105 பேரில் நம்ம ஊர்ப் பையன்கள் எத்தனை பேர்?

நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் பட்டியல் ஒவ்வொரு ஆகஸ்டிலும் வெளிவந்ததும் நான் முதலில் தேடுவது ஊர்ப் பெயர்களைத்தான். எண், உயரம், எடை எல்லாம் அப்புறம். ஃப்ரீமாண்ட், பியாட்ரிஸ், ஹேஸ்டிங்ஸ், ஐன்ஸ்வர்த் என்று இந்த மாநிலத்து ஊர்கள் எத்தனை வருகின்றன என்று விரலால் தடவிக்கொண்டே கீழே போவேன்.

மாநிலத்தின் நடுப்பகுதியில், கியர்னியிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் சின்ன ஊர் ஒன்றில் நான் கணக்கு டீச்சர். வெள்ளிக்கிழமை இரவு ஆட்டங்களுக்கு டிக்கெட் மேசையில் உட்காருவதும் வேலையில் சேர்த்திதான். காசை வாங்கிக்கொண்டு கையில் முத்திரை குத்தும் அந்த இடத்திலிருந்து மைதானம் நன்றாகத் தெரியும். பகலில் இருபடிச் சமன்பாட்டைப் பார்த்துக் கொட்டாவி விடும் பையன், இரவில் எதிராளி எங்கே கால் வைக்கப் போகிறான் என்று அரை நொடி முன்னாலேயே கண்டுபிடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த விஷயத்தில் எனக்குப் பாசம் உண்டு. ஆனால் பாசத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தாலும், ஒரு மாநிலப் பல்கலைக்கழக அணி தன் சொந்த மாநிலத்துப் பையன்களை அடித்தளமாக வைத்துக்கொள்வதில் ஆட்டம் சார்ந்த நியாயமே இருக்கிறது. 2025-ல் வந்த புது விதிகள் சரியாக அந்த அடித்தளத்தில்தான் கை வைத்திருக்கின்றன. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் சொல்வது கையில் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். நெப்ராஸ்காவில் என்எஃப்எல் என்ற தொழில்முறை ஃபுட்பால் லீக்கின் அணி கிடையாது, என்பிஏ என்ற கூடைப்பந்து லீக்கின் அணியும் கிடையாது. லிங்கனில் இருக்கும் பல்கலைக்கழக அணியான ஹஸ்கர்ஸ்தான் எல்லாம். 1962 நவம்பரிலிருந்து அவர்களுடைய மெமோரியல் ஸ்டேடியத்தில் ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் விற்காமல் மிஞ்சவில்லை. மாநிலத்தின் மொத்த ஜனத்தொகையோ ஏறக்குறைய 20 லட்சம்தான்.

இவ்வளவு கொஞ்சம் பேர் இருக்கும் இடத்திலிருந்து எப்படி ஐந்து முறை தேசியப் பட்டம் வாங்கினார்கள்? 1970, 1971-ல் பாப் டெவானி பயிற்சியாளர். 1994, 1995, 1997-ல் டாம் ஆஸ்பார்ன். ஆஸ்பார்ன் ஹேஸ்டிங்ஸில் பிறந்தவர். 25 சீசனில் 255 வெற்றி. ஒரு சீசனில்கூட ஒன்பது வெற்றிக்குக் கீழே இறங்கியதில்லை. அவருடைய அணியின் அடியில் கிடந்த ஏற்பாட்டுக்குப் பெயர் வாக்-ஆன். ஸ்காலர்ஷிப் இல்லாமல், தன் சொந்தச் செலவில் படித்துக்கொண்டே அணியில் சேரும் பையனை அப்படிச் சொல்வார்கள். ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு 1973-ல் 105 என்று உச்சவரம்பு வைத்தார்கள். அது 95 ஆகி, 1994-ல் 85-க்கு வந்து நின்றது. மற்ற அணிகளுக்கெல்லாம் வரம்பு குறையக் குறையக் கை கட்டப்பட்டது. நெப்ராஸ்காவில் மட்டும் அந்த 85 பேருக்குப் பின்னால் வாக்-ஆன் பையன்கள் வரிசை கட்டி நின்றார்கள். இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்குக் கல்விக் கட்டணம் வெளிமாநிலத்தார் கட்டுவதில் பாதிகூட வராது. அதனால் ஒரு விவசாயி தன் மகனை “சரி, ரெண்டு வருஷம் முயற்சி பண்ணிப் பார்” என்று லிங்கனுக்கு அனுப்ப முடிந்தது. ஆஸ்பார்னும் அவர்களை ஓரத்தில் நிற்க வைக்கவில்லை. பயிற்சியில் ஒரே நேரத்தில் பல இடங்களில் ஆட்டம் நடக்கும். நான்காம் வரிசைப் பையனுக்கும் உண்மையான மோதல் கிடைக்கும்.

இதில் லைன்மேன் விஷயம்தான் எனக்கு முக்கியம். பந்துக்கு முன்னால் வரிசையாகக் குனிந்து நின்று எதிராளியை முட்டித் தள்ளும் அந்தப் பெரிய ஆட்கள். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது இவர்களிடம் செல்லுபடியாகாது. ஓடுகிறவன் எப்படிப்பட்டவன் என்பது பதினாறு வயதிலேயே தெரிந்துவிடும். நேரக் கடிகாரத்தை வைத்து அளந்துவிடலாம். லைன்மேனை அப்படி அளக்க முடியாது. பதினேழு வயதில் 220 பவுண்டு எடையோடு, இன்னும் தோள் விரியாமல் இருப்பான். அவன் 300 பவுண்டு ஆவானா, ஆனபிறகும் கால் அசையுமா என்பது மூன்று நான்கு வருடம் கழித்துத்தான் தெரியும். அந்த வருடங்களைக் கொடுக்க இங்கே ஒரு ஏற்பாடும் இருந்தது. பாய்ட் எப்லியை 1969-லேயே எடைப் பயிற்சிக்கென்று தனியாக வேலைக்கு வைத்தார்கள். அப்போது பெரும்பாலான கல்லூரிகள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. நாடு முழுவதுக்குமான எடைப் பயிற்சியாளர் சங்கத்தை 1978-ல் தொடங்கியவரும் அவர்தான். முதல் வருடம் ரெட்ஷர்ட், அதாவது ஆட்டங்களில் இறங்காமல் பயிற்சி மட்டும். அப்புறம் இரண்டு வருடம் எடைக்கூடம். நான்காவது, ஐந்தாவது வருடம் களம். இந்தக் கணக்குக்குப் பொறுமையான பையன் வேண்டும். மைதானத்தில் இறங்காமல் மூன்று இலையுதிர்காலம் காத்திருக்கத் தயாராக இருப்பவன் யார்? சின்ன வயதிலிருந்து அப்பாவோடு ரேடியோவில் இதே அணியின் ஆட்டத்தைக் கேட்டு வளர்ந்தவன்தான்.

உதாரணம் வேண்டுமென்றால் நிறைய இருக்கிறது. ஒமாஹா பையன் டேவ் ரிமிங்டன் 1981, 1982 இரண்டு வருடமும் சிறந்த லைன்மேனுக்கான அவுட்லேண்ட் கோப்பை வாங்கினார். நாட்டின் சிறந்த சென்டருக்கு, அதாவது வரிசையின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் அனுப்புகிறவருக்குக் கொடுக்கும் கோப்பைக்கு இப்போது அவர் பெயர்தான். ஃப்ரீமாண்டைச் சேர்ந்த ஸாக் வீகர்ட் 1994-ல் அதே அவுட்லேண்ட் வாங்கினார். எனக்கு அதிகம் பிடித்த கதை கேம் ஜர்கென்ஸ் உடையது. பியாட்ரிஸ் பையன். டைட் எண்ட் ஆக, அதாவது பந்தைப் பிடிக்கவும் ஓடவும் வேண்டிய இடத்துக்கென்று வந்தவரை சென்டருக்கு மாற்றினார்கள். ஆரம்பத்தில் பந்தைப் பின்னால் அனுப்புவதே தடுமாற்றமாக இருந்தது. பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் தலைக்கு மேலேகூடப் போயிருக்கிறது. அரங்கத்தில் முணுமுணுப்பு. விட்டுவிடாமல் அதே இடத்தில் வைத்தார்கள். 2022-ல், என்எஃப்எல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டில், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவரை இரண்டாம் சுற்றில் எடுத்தது. 2025 பிப்ரவரியில் என்எஃப்எல் இறுதியாட்டமான சூப்பர் பவுல் வென்ற அணிக்கு அவர்தான் சென்டர்.

இந்தப் பந்து அனுப்பும் வேலையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். என் மாணவன் ஒருவன் லாங் ஸ்னாப்பர். பந்தை உதைக்கப் போகிறவருக்கு, குனிந்தபடியே இரண்டு காலுக்கு நடுவே 15 யார்ட் பின்னால் எறிய வேண்டும். பள்ளி முடிந்ததும் ஜிம் சுவரில் வெள்ளை டேப்பால் இடுப்பளவு உயரத்தில் ஒரு சதுரம் ஒட்டிவைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு எறிவான். டப் என்று ஒரே சத்தம், ஒரே இடத்தில். வலது கை பந்தின் தையலைப் பிடித்திருக்கும், இடது கை வெறுமனே மேலே படிந்திருக்கும். விட்ட கணத்தில் இரண்டு உள்ளங்கையும் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும். கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்ட் கோலுக்கு என்றால் தூரம் ஏழெட்டு யார்ட்தான். ஆனால் பந்து போய்ச் சேரும்போது தையல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுகூடக் கணக்கு. பிடிக்கிறவர் அதைத் திருப்பிவைக்க நேரம் எடுக்கக் கூடாது. அதனால் பந்து எத்தனை சுற்றுச் சுற்றிப் போகவேண்டும் என்பதைத் தன் நிற்கும் இடத்தை அரை அடி முன்னே பின்னே நகர்த்தியே சரி செய்துகொள்வான். 15 யார்டை 0.75 நொடியில் அனுப்பினால் நல்ல ஸ்னாப். நொடிக்கு 60 அடி, அதாவது மணிக்கு ஏறக்குறைய 41 மைல். இந்தக் கணக்கைப் பலகையில் போட்ட அன்றைக்கு வகுப்பில் ஒருவரும் கொட்டாவி விடவில்லை.

எங்கள் பள்ளியில் பதினொரு பேர் ஆட்டம் இல்லை, எட்டுப் பேர் ஆட்டம். மைதானமும் சின்னது, 80 யார்ட் நீளம், 40 யார்ட் அகலம். எட்டுப் பேரும் கிடைக்காத பள்ளிகள் ஆறு பேர் வைத்து ஆடுகின்றன. ஆறு பேர் ஆட்டம் பிறந்ததும் இந்த மாநிலத்தில்தான்: 1934-ல் செஸ்டர் என்ற ஊரில் ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர் உருவாக்கியது. இப்படிப்பட்ட பள்ளியிலிருந்து வரும் பையனை வீடியோ பார்த்து எடைபோட முடியாது. எதிரில் நிற்கிறவன் 150 பவுண்டு என்றால் இவன் தள்ளுவதில் என்ன ஆச்சரியம்? கலிஃபோர்னியாவிலோ டெக்சாஸிலோ உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளருக்கு அந்த வீடியோவால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் லிங்கனில் இருப்பவர் காரை எடுத்துக்கொண்டு வரலாம். குளிர்காலத்தில் மல்யுத்தத்தில் பார்க்கலாம், வசந்தத்தில் குண்டு எறிவதைப் பார்க்கலாம். ஐன்ஸ்வர்த் பையன் கார்ட்டர் நெல்சன் எட்டுப் பேர் ஆட்டம் ஆடியவர்தான். கூடவே கோலூன்றித் தாண்டுவதில் மாநில சாம்பியன். அந்த உயரத்தையும் எடையையும் வைத்துக்கொண்டு கோலில் தொங்கி மேலே போகிறவனுக்கு உடம்பு எவ்வளவு வசப்பட்டிருக்க வேண்டும்! அவரை நாட்டின் பெரிய அணிகள் பலவும் கேட்டன. அவர் நெப்ராஸ்காவுக்குக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் இருக்கிறவனுக்குப் பையனைப் பலமுறை, பல பருவத்தில் பார்க்க முடியும். உள்ளூர்ப் பையன்களை நம்புவதில் இருக்கும் முதல் லாபம் இதுதான் என்று நினைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் லிங்கனில் வேலை பார்த்த காலத்திலிருந்து ஹஸ்கர்ஸ் ரசிகர். “நீ சொல்றதெல்லாம் பழைய கதை. நல்ல ஆட்டக்காரன் எங்கே இருக்கானோ அங்கே போய் எடுக்கணும். ஃப்ளோரிடாவிலே ஒரே கவுண்டியிலே கிடைக்கிற வேகம் இந்த மாநிலம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது” என்பார். “நீங்க சொல்றது பாதிதான் சரி” என்று நான் சொல்வேன். இரவுச் சாப்பாடு ஆறிப்போகும் வரை போகும் இந்தப் பேச்சு, கடைசியில் எப்போதும் சீசன் முடிவில் மயாமியில் நடக்கும் ஆரஞ்ச் பவுல் ஆட்டங்கள் இரண்டில் வந்து நிற்கும்.

முதலாவது 1984 ஜனவரி 2. நெப்ராஸ்கா அந்த சீசனில் தோற்கவே இல்லை. எதிரே மயாமி, அவர்களின் சொந்த மைதானத்தில். மயாமிக்கு ஹோவர்ட் ஷ்னெலன்பெர்கர் 1979-ல் பயிற்சியாளராக வந்தபோது, அந்த அணியையே கலைத்துவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் தெற்கு ஃப்ளோரிடாவைச் சுற்றி மனதுக்குள் ஒரு வேலி போட்டார். அதற்கு மயாமி மாநிலம் என்று பெயரே வைத்தார். அந்த வேலிக்குள் இருக்கும் நல்ல பையன் ஒருவனும் வெளியே போகக் கூடாது என்பது கொள்கை. அதுவரை மற்றப் பெரிய கல்லூரிகள் வந்து அள்ளிக்கொண்டு போன இடம் அது. ஐந்தாவது சீசனில் அந்தப் பையன்கள் நெப்ராஸ்காவை 31-30 என்று வென்று பட்டம் வாங்கினார்கள். கடைசி நிமிடத்தில் டச்டவுன் போட்ட பிறகு, அதாவது பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் ஆறு புள்ளி எடுத்த பிறகு, ஒரு புள்ளி உதை உதைத்திருந்தால் சமன்; பட்டம் பெரும்பாலும் நெப்ராஸ்காவுக்கே வந்திருக்கும். ஆஸ்பார்ன் சமனுக்கு ஆடமாட்டேன் என்று இரண்டு புள்ளிக்குப் போனார். டர்னர் கில் வீசிய பந்தை கென்னி கல்ஹூன் விரலால் தட்டிவிட்டார். அவ்வளவுதான்.

ஆக, உள்ளூர் ஆட்களை நம்பி ஜெயித்தவர்கள் அன்றைக்கு எதிரணி. என் வீட்டுக்காரர் இந்த இடத்தில் சிரிப்பார். ஆனால் அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மயாமியின் குவார்ட்டர்பேக் பெர்னி கோசார் ஒஹாயோக்காரர். உள்ளூர் கொள்கையில் அவ்வளவு உறுதியாக இருந்த ஷ்னெலன்பெர்கரே தனக்கு வேண்டிய குவார்ட்டர்பேக்கை வெளியிலிருந்துதான் கொண்டுவந்தார். தெற்கு ஃப்ளோரிடாவில் விளைவது வேகம். அதை அங்கேயே எடுத்தார். இல்லாததை வெளியே தேடினார்.

இரண்டாவது ஆட்டம் 1995 ஜனவரி 1. அதே மைதானம், அதே மயாமி. கடைசிக் கால்பகுதியில் நெப்ராஸ்கா 17-9 என்று பின்தங்கியிருந்தது. மயாமியின் முன்வரிசையில் வாரன் சாப் மாதிரியான ஆட்கள். முதல் பாதியில் அவர்களை அசைக்கவே முடியவில்லை. ஆனால் நெப்ராஸ்காவின் லைன்மேன்கள் விடாமல் முட்டிக்கொண்டே இருந்தார்கள். ஃப்ளோரிடாவின் ஈரக் காற்றில், அந்த ஊர்க்காரர்களே இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்க ஆரம்பித்தார்கள். ரத்தக்கட்டு காரணமாக சீசனில் பெரும்பகுதி ஆடாமல் இருந்த டாமி ஃப்ரேஸியரை ஆஸ்பார்ன் திரும்ப இறக்கினார். மயாமி ஆட்கள் ஓரங்களுக்குப் பாய்ந்துகொண்டிருந்தபோது பந்து நடுவே கோரி ஷ்லெசிங்கர் கைக்குப் போனது. டச்டவுன். இரண்டு புள்ளி முயற்சியும் கைகூடி 17-17. மறுபடி ஷ்லெசிங்கர், மறுபடி நடுவே, மறுபடி டச்டவுன். 24-17. ஆஸ்பார்னுக்கு முதல் பட்டம்.

ஷ்லெசிங்கர் டங்கன் என்ற ஊர்க்காரர். கொலம்பஸ் நகரத்துக்குப் பக்கத்தில் சில நூறு பேர் மட்டுமே இருக்கும் கிராமம். ஃப்ரேஸியர் ஃப்ளோரிடாவின் பிராடென்டன் பையன். வெளியிலிருந்து வந்த குவார்ட்டர்பேக் கொடுக்க, உள்ளூர் ஃபுல்பேக், அதாவது நடுவே முட்டிக்கொண்டு ஓடுகிறவர், வாங்கி ஓட, மூன்று நான்கு வருடம் எடைக்கூடத்தில் வளர்ந்த வரிசை வழி திறந்துவிட்டது. இந்த மாநிலத்தில் ஓட்டக்காரர்கள் குறைவு, அதை மறுக்க மாட்டேன். மைக் ரோஸியர் நியூ ஜெர்சிக்காரர், டர்னர் கில் டெக்சாஸ்காரர். வானத்திலிருந்து விழுகிற மாதிரி எப்போதாவது எரிக் க்ரவுச் போன்ற ஒருவர் ஒமாஹாவிலேயே கிடைப்பார். 2001-ல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கினார். அதை நம்பி ஒரு அணியைக் கட்ட முடியாது. ஆனால் முன்வரிசையையும் டைட் எண்டையும் ஃபுல்பேக்கையும், தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரையும் இங்கேயே வளர்க்க முடியும். அந்த இடங்களுக்கு வேண்டியது உடம்பும் வருடங்களும்தான்.

பக்கத்து மாநிலங்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டன. பேரி அல்வாரெஸ் டெவானியிடம் இங்கே லைன்பேக்கராக ஆடியவர். 1990-ல் விஸ்கான்சின் போனபோது கையோடு வாக்-ஆன் ஏற்பாட்டையும் கொண்டுபோனார். அங்கே டோனி என்ற குக்கிராமத்திலிருந்து வந்த ஜிம் லெனார்ட், ஒரு பைசா ஸ்காலர்ஷிப் இல்லாமல் நுழைந்து, கடைசியில் பத்து சீசன் என்எஃப்எல் ஆடினார். இன்னொரு கல்லூரியை விட்டுவிட்டு வாக்-ஆனாக வந்து சேர்ந்த ஜே.ஜே. வாட்டும் அந்த மாநிலத்துப் பையன்தான். அயோவாவில் லிவர்மோர் ஊர் டல்லஸ் க்ளார்க் வாக்-ஆன் லைன்பேக்கராக நுழைந்து, டைட் எண்டாக மாறி, 2002-ல் நாட்டின் சிறந்த டைட் எண்ட் என்று மேக்கி விருது வாங்கினார். கூப்பர் டிஜீன் படித்த பள்ளியின் பெயர் ஓ.ஏ.பி.சி.ஐ.ஜி. ஓடிபோல்ட், ஆர்தர், பேட்டில் க்ரீக், ஐடா க்ரோவ் என்று நாலு ஊருக்குச் சேர்த்து ஒரே பள்ளி. ஊருக்கு ஊர் நடத்தப் போதிய பிள்ளைகள் இல்லை. ஜர்கென்ஸ் சென்டராக நின்ற அதே சூப்பர் பவுலில், தன் பிறந்தநாளன்று, எதிரணியின் பந்தைப் பிடுங்கிக் கடைசி வரை ஓடி டச்டவுன் போட்டவர் அவர்.

நாம் கைவிட்டவர்களையும் சொல்லத்தானே வேண்டும். நார்த் பிளாட்டைச் சேர்ந்த டேனி வுட்ஹெட்டுக்கு 2004-ல் லிங்கனிலிருந்து ஸ்காலர்ஷிப் வரவில்லை. ஆள் குள்ளம், ஐந்தடி எட்டு அங்குலம். அவர் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் சாட்ரன் ஸ்டேட்டுக்குப் போய் 7,962 யார்ட் ஓடினார். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ-வின் எல்லாப் பிரிவுகளையும் சேர்த்தே அப்போது அது சாதனை. அப்புறம் நியூ இங்கிலாந்து அணிக்காக சூப்பர் பவுலில் டச்டவுன் போட்டார். ஒமாஹாவின் நோவா ஃபேன்ட் அயோவாவுக்குப் போய், ட்ராஃப்டில் முதல் சுற்று ஆட்டக்காரர் ஆனார். இன்னொரு ஒமாஹா பையன் சேவியர் வாட்ஸ் நோட்ர டேமுக்குப் போய் 2023-ல் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாகுர்ஸ்கி கோப்பை வாங்கினார். ஒவ்வொருவரும் போனதற்கு ஒவ்வொரு காரணம் இருந்திருக்கும். ஆனால் லிங்கனிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒமாஹாவுக்குள்ளே பக்கத்து மாநிலத்தார் வந்து அள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஷ்னெலன்பெர்கர் வேலி போட்டது இதற்காகத்தான்.

உள்ளூர் என்ற ஒன்றே எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் நான் சொல்லவில்லை. வுட் ரிவர் பையன் ஸ்காட் ஃப்ராஸ்ட் 1997 பட்டம் வென்ற அணியின் குவார்ட்டர்பேக். 2018 சீசனிலிருந்து பயிற்சியாளராக வந்தபோது மாநிலமே கொண்டாடியது. என் வகுப்பில் பிள்ளைகள் சிவப்புச் சட்டையில் வந்தார்கள். வாக்-ஆன் பையன்களையும் நிறையவே சேர்த்தார். 16 வெற்றி, 31 தோல்வியோடு 2022 செப்டம்பரில் வெளியே போனார். ஒரு டச்டவுனுக்குள் நழுவிய ஆட்டங்கள்தான் அவற்றில் அதிகம். பையன் எந்த ஊர் என்பது அவனுக்குள் விதைக்க நிலம் கொடுக்கும்; உழைப்பைப் பயிற்சியாளர்தான் போட வேண்டும்.

சரி, புது விதிக்கு வருகிறேன். 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். இது நியாயம், அவர்கள் உழைப்பில் மற்றவர்கள்தானே இத்தனை காலம் சம்பாதித்தார்கள். அதே வருடத்திலிருந்து ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றுக்குப் போனால் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டியதில்லை. 2024-ல் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. 2025 ஜூன் 6-ம் தேதி நீதிபதி க்ளாடியா வில்கன் ஒரு பெரிய சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். அதன்படி முதல் வருடத்தில் ஒரு பல்கலைக்கழகம் தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாக 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பங்கு கொடுக்கலாம். கூடவே 85 ஸ்காலர்ஷிப் என்ற வரம்பு போய், மொத்த அணியே 105 பேர்தான் என்று வந்தது. ஸ்காலர்ஷிப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 105. ஏற்கெனவே அணியில் இருந்தவர்களுக்கு விலக்கு உண்டு. புதிதாக வருகிறவனுக்கு இல்லை.

எண்ணிக்கையாகப் பார்த்தால் 85 எங்கே, 105 எங்கே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் நெப்ராஸ்காவில் வாக்-ஆன்களோடு சேர்த்தால் பட்டியல் எப்போதும் 105-ஐ வெகுதூரம் தாண்டித்தான் நின்றது. அந்த மிச்ச இடத்தில்தான் எட்டுப் பேர் ஆட்டப் பையன்கள் வளர்ந்தார்கள். இப்போது ஒவ்வொரு இடத்துக்கும் கணக்கு இருக்கிறது. மூன்று வருடம் கழித்து ஒருவேளை பலன் தரலாம் என்று ஒரு பையனுக்கு இடம் ஒதுக்குவதா, வேறொரு கல்லூரியில் ஏற்கெனவே வளர்ந்து முடித்தவனைக் காசு கொடுத்துக் கூப்பிடுவதா? வேலைக்கே ஆபத்து என்ற நிலையில் இருக்கும் பயிற்சியாளர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது தெரிந்ததுதான்.

என் லாங் ஸ்னாப்பர் மாணவனுக்கு ஒரு பெரிய கல்லூரியிலிருந்து போன் வந்துகொண்டிருந்தது. இடம் இருக்கும், ஸ்காலர்ஷிப் கிடையாது, வா என்றார்கள். விதி மாறப்போகிறது என்று பேச்சு வந்ததும் போன் வருவது இடைவெளி விட்டது, அப்புறம் நின்றது. அவன் இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்றில் பாதி ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்துவிட்டான். அங்கே ஆடுகிறான், விவசாயப் பொருளாதாரம் படிக்கிறான், சந்தோஷமாகத்தான் இருக்கிறான். அவனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவன் தம்பி இப்போது என் வகுப்பில் ஒன்பதாவது. ஆறடியைத் தாண்டிவிட்டான், எடை 180-கூட இல்லை. முட்டி மடக்கி உட்கார்ந்தால் மேசையே எழும்புகிறது. காலையில் வயலில் சுற்றுப் பாசனக் குழாயைப் பார்த்துவிட்டு ஈரக் காலணியோடு வருகிறான். ஐந்து வருடம் கழித்து அவன் என்னவாக இருப்பான் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாதவனுக்கு இடம் வைத்திருந்ததுதான் இந்த மாநிலத்தின் பலம்.

வீட்டுக்காரர் கேட்டார்: “சரி, உன்கிட்ட பொறுப்பைக் கொடுத்தா 105-ல எத்தனை பேரை உள்ளூர்லேயிருந்து எடுப்பே?” காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். முப்பத்தைந்து. அதில் பதினைந்து பேர் இப்போதே களத்தில் இறங்கத் தகுதியானவர்கள். ஒமாஹா, லிங்கன் பள்ளிகளில் இருக்கிறார்கள், அவர்களுக்காக அயோவாவோடும் நோட்ர டேமோடும் முழுப் பணத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். மீதி இருபது பேர் வளர்கிறவர்கள்: பத்து லைன்மேன், நாலு டைட் எண்ட், நாலு லைன்பேக்கர், ஒரு ஃபுல்பேக், ஒரு லாங் ஸ்னாப்பர். இந்த இருபது இடத்தையும் பயிற்சியாளர் ஒரு மோசமான அக்டோபர் வந்தது என்பதற்காகத் தொடக் கூடாது. குவார்ட்டர்பேக், வேகம் வேண்டிய கார்னர்பேக், ரிசீவர் எல்லாம் ஃப்ளோரிடா, டெக்சாஸ், ஜார்ஜியா எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும்.

அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ஃபுல்பேக் ஒன்று போதாது, இரண்டாக்கு என்றார். டைட் எண்டில் ஒன்றைக் குறைத்து எழுதினேன்.